பீப்பாயை விட்டுப் போக மாட்டேன் என்கிற மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. காலையில் உன் பங்கு ரொட்டியையும் சம்பலையும் முடித்துவிட்டு அப்பாவின் தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்தாய். நலமாகத்தான் இருக்கிறாய். ஒரே லயத்து வரிசை வீட்டில், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற மகனுக்கு எதற்கு இவ்வளவு நீளமாக ஒரு கடிதம் என்று நீ கேட்கலாம். நேரில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "சரிம்மா, பெறகு பேசுவோம்" என்று சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் இறங்கிவிடுவாய். அதனால்தான் இதை எழுதி, வாசிகசாலைப் பிள்ளைகள் மாதாமாதம் சுவரில் ஒட்டுகிற பத்திரிகைக்குக் கொடுக்கப் போகிறேன். ஒரு சுவர் போதாவிட்டால் பக்கத்துச் சுவரிலும் ஒட்டட்டும். தோட்டம் முழுக்கப் படித்த பிறகு நீ எந்தப் பக்கம் இறங்கி ஓடுகிறாய் என்று பார்க்கிறேன்.

படிக்கிற மற்றவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் மேற்படிப்புக்கு உனக்கு இடம் கிடைத்திருக்கிறது. செலவெல்லாம் அவர்களுடையது. வருகிறேன் அல்லது வரவில்லை என்று இந்த வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் அனுப்ப வேண்டும். வரவில்லை என்று அனுப்பப் போவதாக நேற்றுச் சாயங்காலம் சொன்னாய். காரணம் கேட்டதற்கு, தொழிற்சாலையின் பின்னறையில் இருக்கிற உன் நீலப் பீப்பாய் இருக்கும் திசையைக் காட்டி, "நான் போனா அது செத்துப் போகும்மா" என்றாய். ஒரு பெண்ணுக்காகப் போகவில்லை என்றிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். பீப்பாய்க்காக என்றதும் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. கோபம் அடங்கவில்லை, அதனால் கையெழுத்து கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும்.

பிள்ளைக் காம்பராவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற தாய்மார் தங்கள் கைப்பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போகிற இந்த அறையில்தான் என் பாதி ஆயுள் கழிந்திருக்கிறது. நீயும் இங்கே வளர்ந்தவன்தான். ஆயாவின் மகன் என்று உனக்கு ஒரு சலுகையும் நான் கொடுத்ததில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கஞ்சியோ உனக்கும் அவ்வளவுதான். இப்போது எல்லாம் மதியத் தூக்கத்தில் இருக்கின்றன. ஏதாவது ஒன்று எழுந்து சிணுங்கினால் எழுதுகிற வரி பாதியில் நிற்கும், பொறுத்துக்கொள்.

சின்ன வயதிலிருந்தே உனக்கு அழுகின பொருள் மீது ஒரு பிரியம். மற்றப் பிள்ளைகள் காசு கொடுத்துப் பட்டம் வாங்கின வயதில் நீ ஒரு சோடாப் போத்தலுக்குள் கனிந்துபோன வாழைப்பழத்தையும் என் சீனியையும் திணித்து, வாயில் பலூனைக் கட்டி, அதை எங்கே ஒளித்து வைப்பது என்று வீடு முழுக்கச் சுற்றினாய். சூடான இடம் வேண்டும் என்பது அப்போதே உனக்குத் தெரிந்திருந்தது. கந்தப்பளைக் குளிரில் நம் வீட்டில் எந்நேரமும் சூடாக இருக்கிற இடம் சாமித் தட்டுதான், விளக்கு எரிகிறதே. முருகன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாய். வெள்ளிக்கிழமை நான் சூடம் காட்டுகிற நேரத்தில் பலூன் வெடித்தது. கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த உன் அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முருகனின் முகமெல்லாம் வாழைப்பழம். நீ அழவில்லை, ஓடவில்லை. "உள்ள யாரோ மூச்சு விட்டிருக்காங்கம்மா" என்றாய். விளக்குமாற்றால் நான்கு போட்டேன். போட்டுக்கொண்டே சிரித்தேன், அதனால் எந்த அடியும் உருப்படியாக விழவில்லை.

அந்த மூச்சைத்தான் நீ விடாமல் துரத்திக்கொண்டு போனாய். கம்பஸ் படிப்பு முடித்து வந்ததும் உனக்கு ஒரு நல்ல வேலை கிடைக்கும், கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு நுவரெலியாவுக்குப் போவாய் என்று நான் லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். நீ போனது சலீம் நானாவின் காய்கறி மண்டிக்கு. கொழும்புக்கு லொறி ஏற்றின பிறகு அங்கே மிஞ்சுகிற லீக்ஸ் தழை, கோவா உருண்டையின் வெளி இலை, கோணல் கேரட் எல்லாவற்றையும் ஆற்றோரம் கொட்டுவதுதான் அவர்களுடைய வழக்கம். அதைக் கூடையில் வாரிக்கொண்டு வந்தாய். அடுத்த முறை மரக்கறி வாங்கப் போனபோது நானா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தங்கச்சி, மகன் இவ்வளவு படிச்சது எங்கட குப்பைய அள்ளவா?" என்று கேட்டார். ஏதோ ஆராய்ச்சியாம் நானா என்று சொல்லிவிட்டு, வாங்க வந்த கத்தரிக்காயை அங்கேயே மறந்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் உன்னை உட்கார வைத்துக் கேட்டேன். நான் கறிக்குப் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, நீ எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். காற்றே புகாத பீப்பாயில் இந்தக் கழிவை அரைத்துப் போட்டால், அதிலுள்ள சீனியையும் மாவையும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் தின்னும். தின்றுவிட்டு மூச்சு விடுகிற மாதிரி ஐதரசன் என்கிற வாயுவை விடும். அதை எரித்தால் புகை கிடையாது, கரி கிடையாது, தண்ணீர்தான் மிஞ்சும். நான் பள்ளிக்கூடத்தில் படித்த ஐதரசன் எனக்கு நினைவிருந்தது, புத்தகத்தில் ஒரு எழுத்தாக. அது கோவா இலைக்குள் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அந்த நுண்ணுயிர்களுக்கு எங்கே போவாய் என்றேன். மாட்டுச் சாணத்தில் இருக்கிறது என்றாய். ஆனால் சாணத்தில் இரண்டு கூட்டம் உண்டு. ஒன்று ஐதரசனை உண்டாக்கும், இன்னொன்று அதைத் தின்றுவிட்டுச் சாண வாயுவாக மாற்றிவிடும். சாணக் கரைசலைக் கொதிக்க வைத்தால் தின்கிற கூட்டம் செத்துவிடும். உண்டாக்குகிற கூட்டம் மட்டும் விதை மாதிரி ஓடு போட்டுக்கொண்டு உள்ளே ஒடுங்கியிருந்து, இளஞ்சூடு பட்டதும் மறுபடி எழும். நீ இதைச் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். கழுத்துப்பட்டி ஆசையை அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அதற்காக நீ செய்ததையெல்லாம் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. கொதிக்க வைக்கிறேன் என்று சொன்னாயே தவிர, எதில் என்று சொல்லவில்லை. நம் வீட்டில் குளிக்க வெந்நீர் போடுகிற அண்டாவில் சாணத்தைக் கரைத்து அடுப்பில் ஏற்றிவிட்டு, நீ விறகு எடுக்கப் போய்விட்டாய். அப்பா வேலை முடிந்து நனைந்து வந்தார். அண்டாவில் ஆவி பறக்கிறது. மகன் நமக்கு வெந்நீர் வைத்திருக்கிறான் என்று மனம் குளிர்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூடியைத் திறந்தார். அதற்குப் பிறகு அவர் பேசின வார்த்தைகளைச் சுவர்ப் பத்திரிகையில் எழுத முடியாது. அன்றிலிருந்து அந்த அண்டா உனக்கு, எனக்குப் புது அண்டா என்று பஞ்சாயத்து முடிந்தது. இந்த லயத்தில் யாருக்கும் அன்றைக்குப் பசி எடுக்கவில்லை என்பதையும் இங்கே பதிந்து வைக்கிறேன்.

குளிர்தான் உன் பெரிய எதிரி. உடம்புச் சூடு அளவுக்கு வெதுவெதுப்பு இருந்தால்தான் அந்த உயிர்கள் வேலை செய்யும். இங்கேயோ கம்பளி போட்டும் நடுங்குகிறோம். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய், தேயிலை காயவைக்கிற டிரையருக்கு அடுத்த சுவரில் இருக்கிற பின்னறையைக் கேட்டாய். அந்தச் சுவர் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். துரை நல்ல மனிதர், இளம் வயது. கொடுக்கிறேன், ஆனால் உன் பீப்பாய் ஓடுகிற வரைக்கும்தான், நின்றால் மறுபடி சாக்கு அடுக்கிவிடுவேன் என்றார். நீயும் சரி என்றாய். வாயுவை அறைக்குள் வைக்காமல் குழாய் போட்டு, வெளியே தூரத்தில் கட்டின தகரக் கொட்டகைக்குக் கொண்டு போனாய். தீப்பெட்டியோடு யாரும் பின்னறைக்குள் வரக் கூடாது என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வைத்தாய். வருகிற ஆட்களின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாய், அப்பாவை உட்பட.

முதல் முறை குமிழி வந்த நாளை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். சுண்ணாம்பு நீருக்குள் வாயுவை விட்டுக் கழுவினாய். சோடாவில் வருகிற காற்று அதில் நின்றுவிடும் என்றாய். மிஞ்சினதைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, வெளியே கொண்டு வந்து தீக்குச்சி காட்டினாய். 'டப்' என்றது. அவ்வளவுதான், ஒரு சின்னச் சத்தம். உன் கண் கலங்கினதை நான் பார்த்தேன், நான் பார்க்கக் கூடாது என்று நீ திரும்பிக்கொண்டாய். பிறகு ஒரு மெல்லிய குழாய் முனையில் அதை எரிய விட்டாய். வெயிலில் தீ கண்ணுக்கே தெரியவில்லை. அப்பா நம்பவில்லை. நீ ஒரு குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் பிடித்தாய், உள்பக்கம் பனித்துப் போனது. அப்பா விரலால் தடவிப் பார்த்து, "கோவா எல கழிவுலேருந்து தண்ணி வருதுடா" என்று வருகிற போகிற எல்லோரிடமும் டம்ளரைக் காட்டினார். அன்றைக்கு அவர் டீ குடித்ததும் அதே டம்ளரில்தான்.

அந்தச் சந்தோஷம் தைப் பொங்கல் வரைக்கும் நீடித்தது. சின்னப் பீப்பாயை விட்டுவிட்டுப் பெரிய நீலப் பீப்பாயில் நீ தொடங்கினது அப்போதுதான். நல்ல காரியம் ஆயிற்றே, மாட்டுப் பொங்கலன்று சாணியில் பிள்ளையார் பிடித்து, உச்சியில் அறுகம்புல் செருகி, பின்னறையில் வைத்துத் தேங்காய் உடைத்தோம். பூசை முடிந்ததும் நீ கொட்டகைக்குப் போய்விட்டாய். சாணிப் பிள்ளையாரைக் கண்ட இடத்தில் போடக் கூடாது, தண்ணீரில் கரைக்க வேண்டும். ஓடைக்குப் போகிற பாதையோ மழையில் வழுக்கிக்கொண்டு கிடந்தது. அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார். பீப்பாயின் மூடி திறந்திருந்தது, உள்ளே தண்ணீரும் இருந்தது. பக்தியோடு பிள்ளையாரை அதில் இறக்கிவிட்டார். எனக்கும் தெரியும், நானும் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிள்ளையாரே உள்ளே இருந்து பார்த்துக்கொள்வார் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம்.

முதலில் நன்றாகத்தான் ஓடியது. பிறகு நாளாக ஆக வாயு குறைந்துகொண்டே வந்தது. நீ புளிப்புப் பார்க்கிற தாளை மாற்றி மாற்றி நனைத்தாய், புளிப்பை முறிக்கிற டொலமைட் மாவு போட்டாய், தலையைப் பிய்த்துக்கொண்டாய். அப்புறம் ஒரு நாள் கொட்டகையில் தீ அழகாக நீல நிறத்தில் எரிந்தது. கண்ணுக்கே தெரியாத தீயைப் பார்த்துச் சலித்துப்போன எங்களுக்கு ஒரே கொண்டாட்டம். அப்பா போய் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நீ மட்டும் பேயறைந்த மாதிரி நின்றாய். "இது ஐதரசன் இல்ல. சாண வாயு. பச்சச் சாணி எப்புடி உள்ள போச்சு?" என்று கேட்டாய். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். கடைசியில், "பிள்ளையார கால் படாத எடத்துல தானே தம்பி கரைக்கணும். இத விடக் கால் படாத எடம் இந்தத் தோட்டத்துல எங்க இருக்கு?" என்றார். நீ கத்துவாய் என்று நினைத்தேன். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணில் நீர் வருகிற வரைக்கும் சிரித்தாய். பாடுபட்டு அவித்துக் கொன்ற கூட்டத்தைச் சாமி கும்பிட்டு உள்ளே அனுப்பின குடும்பம் உலகத்திலேயே நம்முடையது ஒன்றுதான் என்றாய். உன்னைப் பெற்றதற்காக நான் பெருமைப்பட்ட நாட்களில் அதுவும் ஒன்று. கோபப்பட எல்லா நியாயமும் இருக்கும்போது சிரிக்கத் தெரிந்தவன் எந்த நாட்டிலும் பிழைத்துக்கொள்வான்.

அந்தச் சாண வாயுவையும் நீ வீணாக்கவில்லை. அதை உண்டாக்குகிற கூட்டத்தை ஒரு கறுப்புப் பீப்பாய்க்கு மாற்றி, ஐதரசன் எடுத்த பிறகு நீலப் பீப்பாயில் மிஞ்சுகிற புளித்த நீரை அதற்கு உணவாகக் கொடுத்தாய். இப்போது பிள்ளைக் காம்பராவில் கஞ்சி காய்கிறது அந்த வாயுவில்தான். புகையில் கண் எரிந்துகொண்டே அடுப்பு ஊதின எனக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்குத் தெரியாது. உன் ஆராய்ச்சி ஐதரசனைத்தான் பெரிதாகச் சொல்லும். எனக்கு அந்தக் கறுப்புப் பீப்பாயும் பெரிதுதான்.

இந்த அறையில் நான் தினமும் பார்க்கிற ஒன்றைச் சொல்கிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று தாய்மார் அவசரமாகப் பிள்ளையை என் கையில் கொடுப்பார்கள். சில பேர் வாசலில் நின்று நின்று திரும்பிப் பார்ப்பார்கள். அவர்கள் நிற்கிற வரைக்கும் பிள்ளை அழும். அவர்களுக்கும் நெஞ்சு பதறும், நாம் போனால் இது என்ன ஆகுமோ என்று. அவர்கள் மலையேறி மறைந்ததும் பிள்ளை ஒரு நிமிஷம் சுற்றிப் பார்க்கும், பிறகு பக்கத்துப் பிள்ளையின் கிலுகிலுப்பையைப் பிடுங்கும். சாயங்காலம் வந்து, பாவம் என் பிள்ளை அழுததா என்று கேட்பார்கள். ஆமாம், கொஞ்சம் அழுதது என்பேன். அழவே இல்லை என்று சொன்னால் அவர்கள் மனம் வாடிவிடும். இந்தச் சின்னப் பொய்யை நான் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறேன். உனக்கும் அப்படி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

போன வாரம் கொழும்பிலிருந்து உன் வேலையைப் பார்க்க ஒரு குழு வந்தது. நான் டீத் தட்டோடு பின்னறை வாசலில் நின்றேன். நரைத்த தலையோடு வந்த அந்த அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார், குழாயில் 'டப்' சத்தத்தைக் கேட்டுச் சிரித்தார். பிறகு சிங்களத்தில் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். நீ இல்லாவிட்டால் இந்தத் தோட்டத்து ஆட்கள் இதை நடத்துவார்களா? அப்படி நடத்தினால்தான் இது மற்றத் தோட்டங்களுக்கும் போகும், இல்லாவிட்டால் ஒரு பையனின் விளையாட்டாகவே நின்றுவிடும் என்றார். நீ உண்மையைச் சொல்கிறவன் ஆயிற்றே, இன்னும் இல்லை, என்னைத் தவிர யாராலும் முடியாது என்று தலை குனிந்து சொன்னாய். அந்த அம்மாவின் முகம் வாடியது. நான் டீத் தட்டைக் கீழே வைத்தேன். வாயைத் திறக்கப் போனேன், அப்பா பின்னால் நின்று என் சேலையைப் பிடித்து இழுத்தார். வந்தவர்கள் முன்னால் உன்னை மட்டம் தட்டின மாதிரி ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். அந்தப் பதிலுக்குப் பிறகுதான் நீ ஜப்பான் வேண்டாம் என்று முடிவு செய்தாய். அதனால் இனிமேல் வாயை மூடிக்கொண்டிருப்பது பாவம்.

ஜப்பான் இடத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் கொழும்புக்குப் போய், அங்கிருந்து கம்பஸுக்கும் போய் நீ தங்கினாயே, அந்த அடைமழைக் காலத்தை நினைத்துப் பார். பீப்பாய்க்கு எப்போது எவ்வளவு போட வேண்டும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாய். நீ போன பிறகு பாதையில் மண் சரிந்தது. மலையில் கொழுந்து எடுக்க முடியவில்லை, தொழிற்சாலை ஓடவில்லை, டிரையர் அணைந்து சுவர் குளிர்ந்துவிட்டது. பிள்ளை சாப்பிடாவிட்டால் கட்டாயப்படுத்தாதீர்கள், தட்டை எடுத்துவிட்டுப் பொறுங்கள் என்று தாய்மாருக்கெல்லாம் புத்தி சொல்கிற நான், அந்தக் குளிரில் விறைத்துக் கிடந்த பீப்பாய்க்கு வேளை தவறாமல் ஊட்டிக்கொண்டே இருந்தேன். டிரையர் மறுபடி எரிந்து சுவர் சூடான பிறகும் ஒரு குமிழி கூட வரவில்லை. மூடியைத் திறந்தால் ஊறுகாய் வாடை. உன் தாளை நனைத்தேன், அது நெருப்புச் சிவப்பாக மாறியது. எல்லாம் புளித்துச் செத்துப் போயிருந்தது.

அப்பா உனக்குப் பேச போனை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். "இப்ப சொன்னா அவன் பரீட்சைய விட்டுட்டு அடுத்த பஸ்ஸ ஏறிருவான். பேசாம இருங்க" என்றேன். இரண்டு பேருமாகச் சேர்ந்து பீப்பாயை அப்பாவின் பீட்ரூட் பாத்தியில் கவிழ்த்தோம். மேட்டு லயத்தில் மாடு வளர்க்கிறவர்களிடம் சாணம் வாங்கினேன். உன் அண்டாவில் கரைத்துக் கொதிக்க வைத்தேன். லயம் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டது, ஆனால் விறகு கொண்டு வந்து கொடுத்ததும் அவர்கள்தான். சலீம் நானா கேரட்டாகப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினார். முதல் தடவை மறுபடியும் புளித்துவிட்டது, நீ டொலமைட் போடச் சொன்னதை மறந்துவிட்டேன். உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு நீ போஞ்சி நறுக்கும்போது எனக்குச் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டு வந்து, மறுபடி அவித்து, மறுபடி போட்டேன். அரிசி பொங்க வருகிற மாதிரி ஒரு சத்தம் உள்ளே கேட்டது. குழாயில் பிடித்து வெளியே கொண்டு போனோம். நான் தீக்குச்சி காட்ட அப்பா காதைப் பொத்திக்கொண்டார். உன் கையில் கேட்கிற அதே சத்தம்தான் என் கையிலும் கேட்டது.

நீ திரும்பி வந்ததும் பையைக்கூட இறக்காமல் பின்னறைக்கு ஓடினாய். சோதித்துப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களாம்மா, நான் வர்ற வரைக்கும் தாக்குப் பிடிச்சிருக்கு" என்று பீப்பாயைத் தட்டிக் கொடுத்தாய். எங்களை ஒருவரும் தட்டிக் கொடுக்கவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். உன் முகத்தில் இருந்த நிம்மதியைக் கெடுக்க மனம் வரவில்லை. இந்தத் தோட்டத்தில் இது தெரியாத ஒரே ஆள் நீதான். துரைக்குக்கூடத் தெரியும், அவர்தான் இது நின்ற நாட்களைக் கணக்கில் எடுக்காமல் சாக்கை வெளியிலேயே வைத்திருந்தார்.

நீ போனால் எனக்கு வீடு வெறிச்சென்று இருக்கும். அதை மறைக்கப் போவதில்லை. ரொட்டி மிஞ்சும், அப்பா பேச்சுத் துணை இல்லாமல் என்னோடு சண்டைக்கு வருவார். அங்கே போய் நேரத்துக்குச் சாப்பிடு. உன் துணியை நீயே துவை. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் குரலைத் தாழ்த்தாமல் மலையகம் என்று சொல். ஒரு பெண்ணைப் பிடித்திருந்தால் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், அப்பாவுக்கு ரகசியம் தங்காது. இதற்கு மேல் புத்தி சொல்ல என்னிடம் சரக்கு இல்லை.

அந்த அம்மாவுக்கு நீ சொன்ன பதில் தப்பு, அதை மாற்றி எழுதி அனுப்பு. நடத்துவார்களா என்று கேட்டார். நடத்திக் காட்டிவிட்டார்கள் என்று எழுது. நீ விட்டுப் போக மாட்டேன் என்கிற பீப்பாய்க்குள் இருப்பது நீ வளர்த்தது இல்லை, தம்பி. நீ வளர்த்தது பீட்ரூட் பாத்தியில் உரமாகிவிட்டது. இப்போது மூச்சு விட்டுக்கொண்டிருப்பது நான் அவித்தது, நான் ஊட்டியது. நீ போனால் செத்துப் போகும் என்று பயந்தாய். செத்துத்தான் போனது. அப்புறமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, வருகிறேன் என்று ஜப்பான்காரர்களுக்கு இன்றைக்கே எழுதிவிடு.

உன் பீப்பாயைத் தனதாக்கிக்கொண்ட,
அம்மா